முப்பத்தெட்டு மில்லி

டைன் என்ற சொல் இனிமேல் இந்த வளாகத்தில் யார் வாயிலும் வரக்கூடாது என்று மேனேஜர் ஒரு நாள் காலையில் சொன்னார். ஏதோ கெட்ட வார்த்தையைத் தடை செய்வது போலத்தான் இருந்தது. கடல் தாண்டி ஒரு புது வாடிக்கையாளர் எங்கள் பிளாஸ்டிக் ஃபிலிமை வாங்கச் சம்மதித்திருந்தார். அவர்கள் பக்கம் விசையை டைனில் அளப்பது செல்லாதாம், எல்லாம் மில்லிநியூட்டன்தானாம்.

"எல்லாத்தையும் மாத்திடுங்கம்மா" என்று என்னிடம் சொன்னார். பரிசோதனைக் கூடம் என் பொறுப்பு.

"மாத்தறதுக்கு ஒண்ணுமே இல்ல சார். சென்டிமீட்டருக்கு ஒரு டைன்னா, மீட்டருக்கு ஒரு மில்லிநியூட்டன். நம்பர் அப்படியேதான் இருக்கும்."

"அதெப்படிம்மா, யூனிட் மாறும், நம்பர் மாறாதா?"

நான் வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறேன் என்று நினைத்துவிட்டார். அவருடைய அறையில் இருந்த பலகையிலேயே கணக்கைப் போட்டுக் காட்டினேன். ஒரு நியூட்டன் என்பது ஒரு லட்சம் டைன். ஒரு மீட்டர் என்பது நூறு சென்டிமீட்டர். லட்சத்தை நூறால் வகுத்தால் ஆயிரம் வருகிறது. முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் மில்லி, ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆயிரம் படி ஏறி ஆயிரம் படி இறங்கினால் கிளம்பிய இடத்தில்தானே நிற்போம். மேனேஜர் பலகையை வெகுநேரம் பார்த்தார். பிறகு, எதற்கும் ஒரு டேபிள் அடித்து எல்லா மெஷின் பக்கத்திலும் ஒட்டிவிடுங்கள் என்றார். இடப்பக்கம் முப்பத்திநான்கு, வலப்பக்கம் முப்பத்திநான்கு. இடப்பக்கம் முப்பத்தெட்டு, வலப்பக்கம் முப்பத்தெட்டு. பிறந்ததிலிருந்து இப்படி ஒரு அசட்டுத்தனமான அட்டவணையை நான் அடித்ததில்லை. அதற்கு லேமினேஷன் வேறு.

இந்த எண்கள் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். ஃபிலிம் பிறக்கும்போது வழுவழுவென்று இருக்கும், அதன்மேல் எந்த மையும் ஒட்டாது. அதனால் அதை ஒரு கம்பிக்கு அடியில் ஓடவிட்டு, மேலே சடசடவென்று மின்பொறி விழச் செய்வோம். பொறி பட்ட ஃபிலிம் மையைப் பிடித்துக்கொள்ளும். பொறி குறைந்தால் அச்சு உரிந்துவிடும், அதிகமானால் சுருளுக்குள் ஃபிலிமும் ஃபிலிமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க, சின்னச் சின்ன பாட்டில்களில் ஒரு நீலத் திரவம் வைத்திருப்போம். பள்ளிக்கூடத்தில் பரப்பு இழுவிசை என்று படித்திருப்பீர்களே, அது ஒவ்வொரு பாட்டிலுக்கும் வேறு. லேபிளில் எழுதியிருக்கும் எண் அதுதான். பிரஷ்ஷைத் தொட்டு ஃபிலிமில் ஒரு கோடு போட வேண்டும். இரண்டு நொடி கோடு கோடாகவே நின்றால் அந்த எண்ணில் பாஸ். எண்ணெய்த் தட்டில் தெளித்த தண்ணீர் போல முத்து முத்தாகச் சுருண்டால் ஃபெயில். எண் ஏற ஏறப் பரீட்சை கடினம். எங்கள் ஃபிலிம் முப்பத்தெட்டில் பாஸானால் போதும்.

அந்தப் பொறி மெஷினை ஓட்டுவது என் கொழுந்தன். அவனுக்கு அங்கே பெயர் அளப்பான்.

தமிழில் அளப்பதற்கு இரண்டு அர்த்தம். ஒன்று என் பிழைப்பு, மற்றது அவன் பிழைப்பு. பஸ்ஸைத் தவறவிட்டால், டிரைவருக்கு மயக்கம் வந்து அவனே பஸ்ஸை டெப்போ வரைக்கும் ஓட்டிப் போனதாகச் சொல்வான். கடைக்குப் போய் வெறுங்கையோடு வந்தால் கடையில் தீ. அதையும் அணைத்தது அவன்தான். கேட்கச் சுவையாகத்தான் இருக்கும். கூடவே வாழ்கிறவளுக்கு எத்தனை நாள் சுவைக்கும்? முந்தைய வேலை போனதை வீட்டில் சொல்லாமல், தினமும் குளித்து, தலைவாரி, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறான். பூங்காவில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வந்து முதலாளி தன்னைப் பாராட்டியதாக அளந்திருக்கிறான். விஷயம் வெளியே வந்ததும் அவன் மனைவி, அதாவது என் ஓரகத்தி, மகளைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம்தான் நான் அவனை எங்கள் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டேன். அவளிடம் ஃபோனில் அதைச் சொன்னபோது அவள் அசைந்து கொடுக்கவில்லை.

"அக்கா, அவரு வேலைக்குப் போறாரா போகலையாங்கறது இல்ல எனக்கு. ஒரே ஒரு தடவ, நடந்தத நடந்தபடி சொல்லச் சொல்லுங்க. தனக்கு நட்டம் வர்ற உண்மையா இருக்கணும். அன்னைக்கே வந்துடறேன். அதுக்கு முன்னாடி இன்னொரு கதை விட்டாருன்னு தெரிஞ்சுது, அப்புறம் அந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

இதை அவனிடம் அப்படியே சொன்னேன். "இவ்வளவுதானா அண்ணி?" என்று சிரித்தான். ஆனால் மகளுடைய செருப்பை மாடிப்படியிலிருந்து யாரும் எடுக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டான். நாங்கள் கீழே, அவன் மாடியில். ராத்திரியில் அவன் தனியாக ரேடியோ கேட்கிற சத்தம் கீழே வரும்.

புது பாட்டில்கள் வந்தன, முப்பத்திநான்கிலிருந்து நாற்பத்தாறு வரை நான்கு எண்களில். லேபிளில் மில்லிநியூட்டன். மெஷின்காரர்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை, இரண்டே நாளில் அதை மில்லி என்று வெட்டிவிட்டார்கள். முப்பத்தெட்டு மில்லி எங்கடா, நாற்பத்தாறு மில்லிய இங்க வைடா என்று கூவுவார்கள். எனக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. பரிசோதனைக் கூடத்தில் பழைய டைன் பாட்டில்கள், எண்ணுக்கு ஒன்றாக, நிறைய மிச்சம் இருந்ததால் நான் அவற்றையே தீர்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுக்கு ஒன்று என்னும்போது எதை வைத்துப் பார்த்தால் என்ன.

சில வாரம் கழித்து அந்தப் புது வாடிக்கையாளர் சுருள்களைத் திருப்பி அனுப்பினார். ஃபிலிம் ஒட்டிக்கொண்டு பிரிக்க வரவில்லை, பிரித்த இடமெல்லாம் கிழிந்தது. மேனேஜர் நேரே பொறி மெஷினுக்குப் போனார். மெஷின் பக்கத்துப் பலகையில், ஒவ்வொரு சுருளுக்கும் சோதித்த எண்ணை ஓட்டுகிறவன் எழுதி வைக்க வேண்டும். கொழுந்தன் எழுதி வைத்திருந்தான். நாற்பத்தாறு. முப்பத்திநான்குக்கும் கீழே. மறுபடி நாற்பத்தாறு. மறுபடி முப்பத்திநான்குக்கும் கீழே. பக்கத்திலேயே என்னுடைய அட்டவணை பளபளவென்று தொங்கியது.

மேனேஜர் அதே சுருள்களிலிருந்து துண்டு வெட்டி எனக்கு அனுப்பினார். அவன் நாற்பத்தாறு என்று எழுதியது எனக்கு நாற்பத்தொன்று காட்டியது. முப்பத்திநான்குக்கும் கீழே என்று எழுதியது முப்பத்தொன்பது காட்டியது. ஃபிலிம் அப்படித் தாவிக் குதிக்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவனுக்காக நான் சிபாரிசு வேறு செய்திருந்தேன்.

மேனேஜர் அறையில் அவன் நின்றுகொண்டிருந்தான். நான் உட்கார்ந்திருந்தேன்.

"சார், சத்தியமா ஒவ்வொரு ரோலுக்கும் கோடு போட்டுப் பார்த்தேன்" என்றான். "ஒரு ரோல் எல்லா பாட்டில்லயும் பாஸாகுது. அடுத்த ரோல் எல்லா பாட்டில்லயும் ஃபெயிலாகுது. நடுவுல எதுவுமே வரமாட்டேங்குது. ஃபெயிலாச்சேன்னு பயந்து பொறிய ஏத்தினேன். அப்புறம் நாப்பத்தாறே பாஸாயிடுச்சேன்னு எறக்கினேன். மறுபடி ஃபெயிலு."

"அதெப்படிப்பா நடுவுல எதுவுமே வராம இருக்கும்?"

"அதான் சார் எனக்கும் புரியல."

புரியவில்லை என்று அவன் சொல்லி நான் கேட்டதே இல்லை. எதையும் விளக்கக் கூடியவன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அவன் என் பக்கம் திரும்பினான். "அண்ணி, உங்க பாட்டில் டைன்ல இருக்கு. எங்க பாட்டில் மில்லில இருக்கு. அதனால நம்பர் மாறுதோ என்னவோ?"

மேனேஜரும் என்னைப் பார்த்தார். அவர் ஒன்றும் ஈவிரக்கம் இல்லாதவர் அல்ல. ஆளை அனுப்பாமல் இருக்க ஒரு சாக்குக் கிடைத்தால் பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் பார்த்தார். "அப்படி இருக்க வழி இருக்காம்மா?"

"இல்ல சார். ஒண்ணுக்கு ஒண்ணு. டேபிளே போட்டு ஒட்டியிருக்கேன்."

அதோடு அவன் கதை முடிந்தது. அளந்தது போதும், வீட்டுக்குப் போ, கூப்பிடும்போது வந்தால் போதும் என்றார் மேனேஜர். கூப்பிட மாட்டார் என்று மூன்று பேருக்கும் தெரியும். அவனுடைய பாட்டிலை வாங்கி நானே ஒரு கோடு போட்டுப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேறு யார் நின்றிருந்தாலும் தோன்றியிருக்கும்.

அன்று வீட்டில் என் வீட்டுக்காரர் தம்பியை உட்காரவைத்து நல்லவிதமாகக் கேட்டார். "நடந்தத சொல்லிடு. நான் உங்க மேனேஜர்கிட்ட பேசிப் பார்க்கறேன்."

"அதத்தான் காலையிலேர்ந்து சொல்லிட்டிருக்கேன் அண்ணே."

"எல்லா பாட்டில்லயும் பாஸு, எல்லா பாட்டில்லயும் ஃபெயிலு. இதுவா?"

"ஆமா."

"கொஞ்சம் நம்பற மாதிரியாவது சொல்லேன்டா."

அவன் எழுந்து மாடிக்குப் போனான். மனைவிக்கு ஃபோன் போட்டிருக்கிறான் என்பது ஜன்னல் வழியாகக் கேட்ட குரலில் தெரிந்தது. சட்டென்று முடிந்துவிட்டது. பிறகு மறுபடி போட்டான். இந்தத் தடவை குரலைத் தழைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசினான். நான் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுக்கப் போய்விட்டேன்.

மறுநாள் சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது வாசலில் ஒரு பெரிய பை. மகள் தன் செருப்பை மாட்டிக்கொண்டு படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள், அது அவளுக்குச் சின்னதாகிவிட்டிருந்தது. ஓரகத்தி சமையலறையில் நின்றுகொண்டு, என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒத்துக்கிட்டாரு அக்கா."

"எத?"

"கோடே போடாம, சும்மா உட்கார்ந்துக்கிட்டு, தோணின நம்பர எழுதினேன்னு. அவர் வாயாலயே சொன்னாரு. மொதல்ல ஃபோன் பண்ணி எல்லா பாட்டில்லயும் பாஸு, எல்லா பாட்டில்லயும் ஃபெயிலுன்னு ஆரம்பிச்சாரு. ஐயோ, மறுபடியுமான்னு வெச்சுட்டேன். அப்புறம் திரும்பப் பண்ணி, 'பொய்தான், நான் டெஸ்ட்டே பண்ணல'ன்னு அழுதாரு. எத்தன வருஷத்துல மொதத் தடவ." அவளும் அழுதாள். "வேலை போனா போவுதுக்கா. வேற தேடிக்கலாம். ஒத்துக்கற மனுஷன்கூட எப்படியும் காலம் தள்ளிடலாம்."

எனக்கும் திருப்தியாகத்தான் இருந்தது. என் எண்கள் சரி, என் அட்டவணை சரி, குடும்பமும் ஒன்று சேர்ந்துவிட்டது. கொழுந்தன் மாடிப்படியின் மேல் நின்றுகொண்டிருந்தான். நான் நிமிர்ந்து பார்த்ததும் உள்ளே போய்விட்டான். வெட்கம் போலிருக்கிறது, இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பொறி மெஷினில் இன்னொரு ஆளைப் போட்டார்கள். அவர் எண்ணிப் பேசுகிறவர், ஆமா என்றால் ஆமா, இல்லை என்றால் இல்லை. அந்த வாரக் கடைசியில் அவர் பாட்டில்களைத் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார்.

"மேடம், ஒரு மாதிரியா இருக்கு. ஒரு ரோல் எல்லாத்துலயும் பாஸாகுது. இன்னொண்ணு எல்லாத்துலயும் ஃபெயிலாகுது."

அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் தட்டை வாங்கிவிட்டேன். அவரை நம்புவதற்கு எனக்கு அரை நொடி கூட ஆகவில்லை.

பாட்டில்களை வரிசையாக மேஜைமேல் வைத்தேன். முப்பத்திநான்கு, முப்பத்தெட்டு, நாற்பத்திரண்டு, நாற்பத்தாறு. புதிதாக வந்தபோது எல்லாம் கழுத்து வரை நிறைந்திருந்தவை. இப்போது முப்பத்திநான்கில் நீலம் கீழே நின்றது, அதற்கடுத்ததில் கொஞ்சம் மேலே, அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம் மேலே. படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டு போயிற்று. உபயோகித்த பாட்டில்கள் அப்படி ஒழுங்காகக் குறையாது. ஒவ்வொன்றிலும் ஒரு துளி எடுத்து, பரப்பு இழுவிசையை அளக்கும் என் கருவியில் வைத்தேன். நாற்பது. நாற்பது. நாற்பது. நாற்பது.

பாட்டில்களை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தேன். ஸ்டோர்காரருக்குத் தராசு என்று பெயர். ஆணியைக் கூட எண்ணித்தான் கொடுப்பார், ஒருவனுக்கு ஒன்று கூடினால் அடுத்தவன் வயிறு எரியுமே என்பார். ஒரு துரும்பைத் தனக்கென்று எடுத்துக்கொண்டவரில்லை.

"இந்த பாட்டில்ல யாரு கை வெச்சது?"

"நான்தாம்மா நிரப்பிக் குடுத்தேன்" என்றார், பாராட்டு வரப்போகிறது என்கிற முகத்தோடு. "இந்த மெஷின்காரனுங்க முப்பத்தெட்டு மில்லி குடு, முப்பத்தெட்டு மில்லி குடுன்னு என் பிராணன வாங்கறானுங்க. முப்பத்தெட்டு பாட்டில் காலியாவே போவுது, நாப்பத்தாறு பாட்டில தொடறதுக்கு ஆளில்ல. எல்லாம் ஒரே நீலம்தானே? ஒரே கேன்ல கொட்டினேன். லேபிள்ல எத்தன மில்லி போட்டிருக்கோ அத்தன மில்லி அளந்து ஊத்திட்டேன், குறையக் குறைய அதே அளவுக்கு நிரப்பிடறேன், இன்னைக்குக் காலையிலகூட. மிச்சம் கேன்ல பத்திரமா இருக்கு. ஒரு சொட்டு குறைஞ்சிருந்தா என்னை ஏன்னு கேளுங்க."

அவருடைய அளவுக் குவளையிலேயே நான் ஊற்றிப் பார்த்தேன், ஏன் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். முப்பத்தெட்டு பாட்டிலில் முப்பத்தெட்டு மில்லி இருந்தது, சுத்தமாக.

அவர்மேல் கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. பால் பாக்கெட்டிலிருந்து இருமல் மருந்து வரைக்கும் மில்லி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான். அதை வேறு எதற்காவது வைத்துக்கொண்டது நாங்கள். அவருக்குத் தெரியட்டும் என்று உட்கார்ந்து விளக்கினேன். அந்த எண் பாட்டிலில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கல்ல, திரவம் எவ்வளவு இறுக்கமாகத் தன்னைப் பிடித்துக்கொள்கிறது என்பதற்கு என்றேன். நான்கையும் கலந்ததால் எல்லாம் நாற்பதாகிவிட்டது. நாற்பதுக்கு மேலே இருக்கும் ஃபிலிம் நான்கிலும் பாஸாகும், கீழே இருப்பது நான்கிலும் ஃபெயிலாகும், நடுவில் எதுவும் வராது.

தராசு கேனின் மூடியைத் திருகி மூடினார். "அப்ப அந்த அளப்பான் பையன்?" என்று கேட்டார்.

"அவன் சொன்னது நிஜம்."

"அடப்பாவமே. என்னால வந்த வினையா இது? நானே மேனேஜர்கிட்ட வந்து சொல்றேம்மா."

வந்து சொன்னார். மேனேஜர் முதலில் சிரித்தார், பிறகு திரும்பி வந்த சுருள்களை நினைத்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். தராசை ஒன்றும் சொல்லவில்லை. பாட்டில்களைக் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்கச் சொன்னார், லேபிளின் மேல் டைன் என்று பெரிதாக எழுதி ஒட்டச் சொன்னார். "உங்க கொழுந்தன நாளைக்கு வரச்சொல்லுங்கம்மா. பாவம், நிஜத்தத்தான் சொல்லியிருக்கான்" என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த அறையில் இவனைக் கைவிட்டது அவரல்ல.

பஸ்ஸில் வரும்போதுதான் மற்றது உறைத்தது. இவன் கோடு போட்டிருக்கிறான். ஒவ்வொரு சுருளுக்கும் போட்டிருக்கிறான். அப்படியென்றால் ஓரகத்தியிடம் ஒத்துக்கொண்டது என்ன?

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவன் மகளுடைய சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். மகள் உள்ளே இருந்தாள். பாட்டில் விஷயத்தைச் சொன்னேன். வாயைத் திறந்தபடி கேட்டான். தராசு அளந்து ஊற்றியதைச் சொன்னபோது, அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பார்த்தீங்களா அண்ணி. இத நான் சொல்லியிருந்தா ஒரு ஈ காக்கா நம்பியிருக்குமா?"

"சிரிக்காத. டெஸ்ட்டே பண்ணலன்னு அவகிட்ட ஏன் சொன்ன?"

சிரிப்பு போய்விட்டது. பம்பைக் கீழே வைத்தான்.

"மொதல்ல நடந்ததத்தான் சொன்னேன். வெச்சுட்டா. நீங்க நம்பல, அண்ணன் நம்பல, அவ நம்பல. நம்பற மாதிரி சொல்லுன்னு அண்ணன் சொன்னாரு. அதான் நம்பற மாதிரி ஒண்ணு சொன்னேன். தப்பு பண்ணிட்டேன்னு சொன்னா உடனே நம்பிட்டா. அந்த நிமிஷமே பைய எடுத்து வெச்சுட்டா."

எனக்கு அவனை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போல இருந்தது. அழுகையும் வந்தது. "இப்ப நான் போய் வேலை கிடைச்சாச்சு, உன் புருஷன் மேல தப்பே இல்லன்னு சொல்லணும். மேனேஜர் சொல்லியனுப்பியிருக்காரு."

"சொல்லிடாதீங்க அண்ணி."

"ஏன்டா, நீ நல்லவன்னு ஆயிருக்கு. அத சொல்லக் கூடாதா?"

"அப்ப நான் அன்னைக்கு ஃபோன்ல அழுதது பொய்யின்னு ஆகிடுமே" என்றான். "அதுக்காகத்தானே அண்ணி அவ வந்ததே. இன்னொரு பொய் சொன்னா திரும்பிப் பார்க்க மாட்டேன்னா. இவ்வளவு பெரிய பொய் நான் சொன்னதே இல்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அண்ணன்கிட்டயும் வேணாம். அவரு வாயில நிக்காது."

கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும், அவன் குற்றமற்றவன் என்றால் அவள் போய்விடுவாள், குற்றவாளி என்றால் இருப்பாள். இதற்கு என்னிடம் அட்டவணை இல்லை.

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே படியில் இறங்கி வந்தாள். பின்னால் மகளும் வந்தாள். என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

"என்னக்கா? ஃபேக்டரில ஏதாவது சொன்னாங்களா?"

கொழுந்தன் சைக்கிள் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். எதையாவது எடுத்துவிட்டுச் சமாளிக்கிறவன், அன்று என்னிடம் விட்டுவிட்டு நின்றான்.

"நாளைலேர்ந்து வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க" என்றேன்.

"நிஜமாவா? அவரு பண்ணினதுக்கு எப்படிக்கா மறுபடி சேர்த்துக்கறாங்க?"

"மன்னிச்சுட்டாங்க."

என் வாழ்நாளில் ஓர் எண்ணைக்கூட நான் மாற்றிச் சொன்னதில்லை. அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

அவள் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் தளும்ப அவனைப் பார்த்தாள். "பார்த்தீங்களா, உண்மைய ஒத்துக்கிட்டா யாரா இருந்தாலும் மன்னிப்பாங்க" என்றாள். பிறகு குனிந்து மகளின் தலையைத் தடவினாள். "அப்பா வேலைல தப்பு பண்ணிட்டாரு கண்ணு. சோம்பேறித்தனமா பொய் நம்பர் எழுதிட்டாரு. ஆனா ஒத்துக்கிட்டாரு பாரு. நீயும் அப்படித்தான் இருக்கணும், சரியா?"

மகள் அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன்ப்பா பொய் நம்பர் எழுதின?" என்று கேட்டாள்.

"இனிமே எழுத மாட்டேன் கண்ணு" என்றான்.

அவர்கள் இரண்டு பேரும் உள்ளே போனார்கள். அவன் பம்பை எடுத்தான், காற்று நிறைந்த சக்கரத்துக்கே மறுபடி இரண்டு தடவை அடித்தான்.

"ஒவ்வொரு ரோலுக்கும் கோடு போட்டேன் அண்ணி."

"எனக்குத் தெரியும்."

தலையை ஆட்டிக்கொண்டான். மாடியிலிருந்து அவள் சாப்பிடக் கூப்பிட்டாள். அவன் தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவி, சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, படியேறிப் போனான்.